பெயர் அச்சிடப்படாத விரல்: ஜேம்ஸ் ஜேமர்சனின் கதை

பாடலைப் பாடியவரின் பெயர் எங்களுக்குத் தெரியும். சில வேளைகளில் எழுதியவரின் பெயரும், இசையமைத்தவரின் பெயரும் தெரியும். இலங்கை வானொலி எங்களை அப்படித்தான் பழக்கியது. படத்தின் பெயர், பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர் என்று அறிவிப்பாளர் வரிசையாகச் சொல்லிமுடிக்கப் பாட்டுத் தொடங்கும். வாசித்தவர்கள் யாரென்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

புலம்பெயர்ந்த பின்னர், உணவகங்களின் பின்புறத்தில் கோப்பை கழுவியபோதும் தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்தபோதும், மொழி சரியாகப் புரியாமலே எங்களில் பலர் வானொலியில் கேட்ட பாடல்களில் ஒன்று ‘மை கேர்ள்’. ரெம்ப்ரேஷன்ஸ் குழுவினர் பாடி 1964இன் இறுதியில் வெளிவந்தது. அதில் குரலுக்கும் மற்றக் கிற்றாருக்கும் முன்னதாக ஒலிப்பது ஒரு பாஸ் கிற்றார். அதை வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அறுபதுகளின் அமெரிக்க மக்கள் இசையின் வரலாற்றை அவரை விட்டுவிட்டு எழுத முடியாது. ஆனால் அவர் உயிரோடிருந்த காலத்தில் அப்படித்தான் எழுதப்பட்டது.

ஜேமர்சன் 1936 ஜனவரி 29ஆம் திகதி தென் கரோலினா மாநிலத்தின் எடிஸ்ரோ தீவில் பிறந்தார். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் தமக்கென ஒரு மொழியையும் பாட்டு மரபையும் காப்பாற்றி வைத்திருந்த கரையோரத் தீவுகளில் அதுவும் ஒன்று. 1910 முதல் 1970 வரையான காலத்தில் ஏறத்தாழ அறுபது இலட்சம் கறுப்பின மக்கள் நிறவெறிச் சட்டங்களிலிருந்தும் வறுமையிலிருந்தும் தப்பி, அமெரிக்காவின் தெற்கைவிட்டு வெளியேறினர். எல்லை கடக்காத புலப்பெயர்வு அது. அவர்களிற் கணிசமானோருக்குப் போக்கிடமாக இருந்தது கார்த் தொழிற்சாலைகளின் நகரமான டிற்றோயிற். 1954இல் ஜேமர்சனும் அங்கு வாழ்ந்த தாயாரிடம் வந்து சேர்ந்தார். பாடசாலையில் ஆளுயரப் பாஸ் வாத்தியத்தைக் கையிலெடுத்தார். விரைவிலேயே நகரத்தின் ஜாஸ் விடுதிகளில் வாசிக்கத் தொடங்கினார்.

அதே நகரத்தில் பெரி கோர்டி என்பவர் லிங்கன் மேர்க்குரி கார்த் தொழிற்சாலையில் வேலைபார்த்திருந்தார். 1959இல் குடும்பச் சேமிப்பு நிதியிலிருந்து 800 டொலர் கடன் வாங்கி ஓர் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் மோட்டவுண் ஆனது. வெஸ்ற் கிராண்ட் புலவாட் வீதியில் ஒரு வீட்டை வாங்கி அங்கே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். ஒரு முனையில் வெறும் சட்டமாக நுழைவது மறுமுனையில் முழுக் காராக வெளிவருவதைப் போலப் பாடகர்களும் வெளிவரவேண்டும் என்பது அவரது எண்ணம். பாட்டெழுத ஒரு பிரிவு, மேடை ஒழுக்கம் பழக்க ஒரு பிரிவு, தரம் பார்க்க வாராந்தக் கூட்டம் என்று எல்லாம் ஒழுங்குபடுத்தப்பட்டன.

அந்தத் தொழிற்சாலையின் இயந்திர அறை நிலத்தடியில் இருந்தது. வயர்கள் எங்கும் தொங்கியதால் கலைஞர்கள் அதைப் ‘பாம்புக் குழி’ என்று அழைத்தனர். ஏர்ள் வான் டைக் பியானோவிலும், பெனி பெஞ்சமின் ட்ரம்சிலும், றொபேட் வைற், ஜோ மெசினா, எடி வில்லிஸ் ஆகியோர் கிற்றாரிலும், ஜேமர்சன் பாஸிலுமாக இயங்கிய இந்தக் கூட்டத்துக்கு ‘ஃபங்க் பிரதர்ஸ்’ என்று பெயர். பாடகர்கள் மாறினார்கள். சுப்ரீம்ஸ், ஃபோர் ரொப்ஸ், ஸ்ரீவி வொண்டர், மார்வின் கேய் என்று யார் வந்தாலும் பின்னால் வாசித்தவர்கள் பெரும்பாலும் இவர்களே. ஆரம்பத்தில் ஒரு பாட்டுக்குச் சில டொலர்களே கிடைத்தன. பின்னர் வாரச் சம்பளம் வந்தது. விற்பனையில் பங்கு கிடையாது. தட்டின் உறையில் பெயரும் கிடையாது.

ஜேமர்சன் அப்படி என்னதான் செய்தார்? அவருக்கு முன்னர் மக்கள் இசையில் பாஸ் வாசித்தவரின் வேலை பெரும்பாலும் சுருதியின் அடிச் சுரத்தைப் பிடித்துத் தாளத்துக்குத் துணைநிற்பது. ஜேமர்சன் அதைப் பாடகருடன் பேசும் இரண்டாவது குரலாக்கினார். ஜாஸில் பழகிய கை அவருடையது. அடிச் சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு நேரே போகாமல், இடையிலுள்ள அரைச் சுரங்களைத் தொட்டுச் செல்லும். தாளம் விழவேண்டிய இடத்துக்குச் சற்று முன்னரோ பின்னரோ விழும். ஆனால் பாட்டை ஒருபோதும் தடுமாற விடாது. ‘பேர்னடெற்’ (1967), ‘ஐ வோஸ் மேட் ரு லவ் ஹேர்’ (1967), ‘ஃபோர் வன்ஸ் இன் மை லைஃப்’ (1968) ஆகியவற்றைப் பாடலை மறந்து பாஸை மட்டும் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். ஒரே பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஓடுவது தெரியும்.

இத்தனைக்கும் கருவி எளிமையானது. 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரெசிஷன் பாஸ் ஒன்று. தட்டையாகச் சுற்றிய தடித்த தந்திகள். அவற்றை அவர் மாற்றுவதேயில்லை. ஓசையை மட்டுப்படுத்தப் பாலத்தருகே ஒரு துண்டுப் பஞ்சு. வலக்கையில் சுட்டுவிரல் ஒன்று மட்டுமே தந்தியை மீட்டும். பெரிய பாஸில் பழகிய அந்த விரலுக்குச் சகாக்கள் ‘கொக்கி’ என்று பெயர் வைத்திருந்தனர்.

1971இல் மார்வின் கேய் ‘வட்ஸ் கோயிங் ஒன்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். வியட்நாம் போரையும் நகரங்களின் அவலத்தையும் பேசிய தொகுப்பு அது. தலைப்புப் பாடலின் பதிவுக்கு மது விடுதியொன்றிலிருந்து அழைத்துவரப்பட்ட ஜேமர்சன், நிமிர்ந்திருக்க முடியாமல் தரையில் படுத்தபடியே வாசித்தார் என்று சொல்லப்படுகிறது. கதை எப்படியிருந்தாலும் பதிவு இருக்கிறது. அதில் ஒரு தடுமாற்றமும் இல்லை. அந்தத் தட்டின் உறையில்தான் மோட்டவுண் கலைஞர்களின் பெயர்கள் முறையாக அச்சாகின. ஜேமர்சன் அங்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

அடுத்த ஆண்டே, 1972இல், நிறுவனம் லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு இடம்பெயர்ந்தது. வேலைக்கு வந்த கலைஞர்கள் கதவில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்தே செய்தியை அறிந்தார்கள் என்பர். ஜேமர்சனும் மேற்குக்குப் போனார். 1973இல் மோட்டவுணுடனான அவரது தொடர்பு அறுந்தது. புதிய ஊரில் புதிய ஓசை கேட்டார்கள். பளிச்சென்று ஒலிக்கும் புதுத் தந்தி கேட்டார்கள். அவர் தமது பழைய தந்திகளை விடவில்லை. குடியும் அவரை விடவில்லை. அழைப்புகள் குறைந்தன. அவரது வீழ்ச்சிக்கு முழுப் பொறுப்பையும் நிறுவனத்தின்மேல் சுமத்துவது நேர்மையல்ல. ஆனால் டிற்றோயிற்றில் அவரைச் சுற்றியிருந்த கூட்டமும் அந்த நிலத்தடி அறையும் இல்லாமற் போனதே அந்தக் குடியைக் கொடியதாக்கியது என்று நாங்கள் எண்ணுகிறோம். முதற் புலப்பெயர்வு அவரை ஆக்கியது. இரண்டாவது அழித்தது.

1983 மார்ச்சில் மோட்டவுண் தனது இருபத்தைந்தாண்டு விழாவை பசடீனாவில் நடத்தியது. மைக்கல் ஜாக்சனின் நடனத்தால் உலகம் நினைவில் வைத்திருக்கும் அதே விழா. ஜேமர்சனுக்கு மேடையில் இடமில்லை. வெளியில் ரிக்கற் வாங்கி, மாடி இருக்கையிலிருந்து பார்த்தார். அதே ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் திகதி, தமது 47ஆவது வயதில் இறந்தார். அதற்குச் சற்று முன்னர்தான் அந்த ஃபெண்டர் பாஸும் களவு போயிருந்தது.

அவரது வரலாற்றை மீட்டது அலன் ஸ்லட்ஸ்கி 1989இல் வெளியிட்ட நூல். 2000இல் றொக் அன்ட் றோல் அரங்கம் பக்கவாத்தியக் கலைஞர்களுக்கென முதன்முறையாக ஒரு பிரிவை ஏற்படுத்தியபோது அவரையும் அதிற் சேர்த்தது. 2002இல் நூலின் பெயரிலேயே ஆவணப்படம் வந்தது. எஞ்சியிருந்த சகாக்கள் மேடையேறினர். பீற்றில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி, தாம் கற்றது ஜேமர்சனிடமிருந்து என்று பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார். 2020இல் ‘றோலிங் ஸ்ரோன்’ இதழ் எக்காலத்துக்குமான பாஸ் கலைஞர்களின் பட்டியலில் அவருக்கு முதலிடம் கொடுத்தது.

இவையெல்லாம் நல்லவைதான். இவற்றில் ஒன்றைக்கூட அவர் காணவில்லை என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். எங்கள் கோடம்பாக்கத்துப் பாடல்களிலும், எங்கள் ஊர்களின் மெல்லிசைக் குழுக்களிலும், கோயில் திருவிழாக்களின் மேளக் கூட்டங்களிலும் பின்வரிசையில் இருந்து வாசித்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களிற் சிலர் இன்று எங்களைப் போலவே வேறு நாடுகளில், வேறு வேலைகளில் இருக்கிறார்கள். அவர்களின் பெயர்களை, என்ன வாசித்தார்கள் என்பதை, அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க இசைத்தட்டு நிறுவனம் எதுவும் தேவையில்லை. நாங்கள் போதும்.