வார்ப் எண் போன பாதை

1966-ல் ஜீன் ராடன்பெரியின் ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சிக்கு வந்தபோது, விண்கப்பலின் வேகத்தைச் சொல்லும் வார்ப் எண்ணுக்கு இருந்த வேலை ஒன்றுதான். கேப்டன் எண்ணைச் சொல்ல வேண்டும், கப்பல் பாய வேண்டும். எழுத்தாளர்களுக்குக் கொடுத்த கையேட்டில் அதற்கொரு கணக்கும் இருந்தது: எண்ணின் மும்மடி எவ்வளவோ, ஒளியைவிட அத்தனை மடங்கு வேகம். வார்ப் 2 என்றால் 8 மடங்கு, வார்ப் 6 என்றால் 216 மடங்கு.

கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை என்பது 1969 ஜனவரியில் அம்பலமானது. ஒரு எபிசோடில் எண்டர்பிரைஸ் கப்பல் 990.7 ஒளியாண்டுக்கு அப்பால் வீசப்படுகிறது. வார்ப் 8.4-ல் திரும்ப 11.337 மணி நேரம் ஆகும் என்கிறார் கப்பலின் அறிவியல் அதிகாரி ஸ்பாக், தசமம் பிசகாமல். கையேட்டின்படி பார்த்தால் ஒன்றரை வருஷத்துக்கும் மேலாகும். கிரகத்தில் மாட்டிக்கொண்ட கேப்டன் கிர்க்கைக் காப்பாற்ற அவ்வளவு காலம் எங்கே இருக்கிறது? தூரத்தைக் குறைத்திருக்கலாம். 990.7 என்பது காதுக்கு நன்றாக இருந்தது போலும்.

அதே எபிசோடில் எண் 14.1 வரை ஏறியது. இப்படியே போனால் அடுத்து 20, 30 என்று கத்த வேண்டியதுதான். 1987-ல் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடங்கும்போது ராடன்பெரி கூரை போட்டார்: வார்ப் 10 என்பது எல்லையில்லா வேகம், எந்தக் கப்பலும் எட்ட முடியாதது. தொடரின் வரைகலைஞர் மைக்கேல் ஒகுடா புதிய அளவுகோல் செய்தார். 9 வரைக்கும் சூத்திரம் உண்டு. வார்ப் 9 என்றால் 1,516 மடங்கு. அதற்கு மேலே கையால் வரைந்த வளைகோடு, 10-ஐ நெருங்க நெருங்கச் செங்குத்தாக ஏறும்.

1993-ல் அந்தத் தொடரிலேயே, வார்ப் வேகம் விண்வெளியையே கிழிக்கிறது என்று சொல்லி, வார்ப் 5-ஐத் தாண்டத் தடை வந்தது. பள்ளிக்கூட வாசலில் நிற்கும் வேகப் பலகை மாதிரிதான் அதன் கதியும். 1994-ல் அதே தொடரின் கடைசிக் கதை எதிர்காலத்துக்குப் போய் வார்ப் 13 என்று சொல்லிக் கூரையையும் பிய்த்தது.

எண்ணுக்கு உண்மையான மரியாதை கிடைத்தது 1995-ன் ‘வாயேஜர்’ தொடரில் என்பேன். தொலைவில் மாட்டிக்கொண்ட கப்பலுக்கு வீடு 70,000 ஒளியாண்டு தூரம். போய்ச் சேர 75 வருஷம். வகுத்தால் ஒளியைப் போல ஏறக்குறைய 930 மடங்கு, புதிய அளவுகோலில் வார்ப் 7-க்கும் 8-க்கும் நடுவே. நம்பும்படியான சராசரிதான். ஸ்பாக் சொன்ன வேகத்தில் இதே தூரம் 33 நாள் பயணம். அந்த வேகத்தை ஒப்புக்கொண்டால் ஏழு சீசனுக்குக் கதையே இல்லை. சூத்திரம் எதுவானாலும் சரி, தூரம் என்றால் அதற்குக் காலம் கொடுத்தாக வேண்டும் என்பதை மட்டும் அந்தத் தொடர் பிடித்துக்கொண்டது.

அதிலும் ஒரு சறுக்கல் உண்டு. 1996-ல் கப்பலோட்டி டாம் பாரிஸ் வார்ப் 10-ஐத் தொட்டு, ஒரே சமயத்தில் எல்லா இடத்திலும் இருந்து, பிறகு பல்லி போன்ற பிராணியாக மாறினார். கப்பலின் மருத்துவர் குணப்படுத்திவிட்டார். அப்படியானால் எல்லோரும் அதே வழியில் வீடு திரும்பிச் சிகிச்சை எடுத்துக்கொள்ளலாமே! அடுத்த வாரம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

2001-ல் ‘எண்டர்பிரைஸ்’ தொடர் பழைய மும்மடிக்கே திரும்பியது. முதல் கதையில், வார்ப் 4.5-ல் நெப்டியூனுக்குப் போய்வர 6 நிமிடம் என்கிறார்கள். போட்டுப் பாருங்கள், ஏறத்தாழச் சரியாகவே வருகிறது. அதே கதையில் கிளிங்கான்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகளின் தாய்க்கிரகத்துக்கு நான்கு நாள் பயணம். அந்த வேகத்தில் நான்கு நாளில் ஒரு ஒளியாண்டுதான் கடக்க முடியும். சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமே நாலேகால் ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. கிளிங்கான்கள் அதற்கும் இந்தப் பக்கம் எங்கேயோ குடியிருந்தாக வேண்டும்.