நெஞ்சின் வாசற்காவலன்

ஆவிக்குரிய போர் என்றதும் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது பேயோட்டும் கூட்டமும் ஒலிபெருக்கியும்தான். ஆனால் கிறிஸ்தவத்தில் இந்தப் போரின் முறைகளைத் தெளிவாக வகுத்து எழுதியவர், சத்தமே இல்லாத ஓர் இடத்தில் உட்கார்ந்து எழுதினார். எகிப்தின் பாலைவனத்தில் 399-ஆம் ஆண்டு இறந்த எவாகிரியுஸ் என்ற துறவி அவர்.

கருங்கடலை ஒட்டிய பொந்துஸ் நாட்டில் சுமார் 345-இல் பிறந்தவர். புனித பசிலியார் அவரை வாசகராக்கினார். நசியான்சு கிரகோரியார் தியாக்கோனாக்கினார். 381-இல் பொதுச்சங்கம் கூடியபோது கான்ஸ்டான்டிநோபிளில் இருந்தார். சொல்வன்மை மிக்க இளைஞர்; தலைநகரில் நல்ல பெயர். அங்கேதான் ஓர் உயர் அதிகாரியின் மனைவிமேல் மனம் போயிற்று. அவளும் விரும்பினாள். ஒரு கனவில், ஊரை விட்டுப் போய்விடுவதாக நற்செய்தி நூலின்மேல் ஆணையிட்டார். விழித்ததும், கனவில் இட்டாலும் ஆணை ஆணைதான் என்று கப்பலேறிவிட்டார் என்கிறார் அவருடைய சீடர் பல்லாதியுஸ்.

எருசலேமில் மீண்டும் தடுமாற்றம். ஆறு மாதம் காய்ச்சல். ஒலிவ மலையில் மடம் நடத்திவந்த மெலானியா என்ற உரோமைச் சீமாட்டி, அவர் மனத்தில் கிடந்ததைக் கேட்டறிந்து, துறவுக்கு வழிகாட்டி எகிப்துக்கு அனுப்பினார். நித்ரியாவில் இரண்டு ஆண்டு, பிறகு 'கெல்லியா' என்ற குடில்களின் ஊரில் பதினான்கு ஆண்டு. அங்கே நூல்களைப் பிரதி எடுத்து எழுதிப் பிழைத்தார். நானும் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் என்பதால் இந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

சிங்கம்போல் எதிரி சுற்றித் திரிகிறான், தெளிவோடும் விழிப்போடும் இருங்கள் என்று பேதுருவின் முதல் திருமுகம் எச்சரிக்கிறது. அந்தத் தெளிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'நீப்சிஸ்'. குடிபோதை இல்லாத நிலை என்பது அதன் நேர்ப்பொருள். கோபத்திலும் ஆசையிலும் போதை உண்டு. அது தெளிந்திருப்பதே விழிப்பு.

எவாகிரியுஸ் சொன்னதில் முக்கியமானது இது: கெட்ட எண்ணம் வருவது நம் கையில் இல்லை, அது தங்குவதும் தங்காததும் நம் கையில் இருக்கிறது. ஆகவே வாசற்காவலனைப்போல் ஒவ்வோர் எண்ணத்தையும் நிறுத்தி, 'நீ நம்மவனா, எதிரியின் ஆளா?' என்று கேட்கச் சொல்கிறார். எந்த எண்ணம் எப்போது வருகிறது, எதன் பின்னால் எது வருகிறது, எப்போது தணிகிறது என்று கவனித்து மனத்தில் குறித்துக்கொள்ளவும் சொல்கிறார். எங்கள் தபால் பதிவேடு மாதிரிதான். எண் போடாமல் எந்தக் காகிதமும் உள்ளே போகக்கூடாது.

அப்படிக் கவனித்து அவர் வகுத்தவை எட்டு: போசனப்பிரியம், காமம், பொருளாசை, துயரம், கோபம், சலிப்பு, வீண்பெருமை, அகங்காரம். இவற்றுள் சலிப்பைத்தான் மிகக் கொடியது என்கிறார். கிரேக்கத்தில் 'அக்கேதியா'. சங்கீதத்தில் வரும் நடுப்பகல் பேய் இதுவே என்பது அவர் கருத்து. காலை பத்து மணிக்குப் பிடித்தால் இரண்டு மணிவரை விடாது. சூரியன் நகராது. பகலுக்கு ஐம்பது மணி நேரம் போலத் தோன்றும். துறவி ஜன்னலைப் பார்ப்பான், வெளியே வந்து சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு என்று பார்ப்பான், யாராவது வருகிறார்களா என்று பார்ப்பான். யாருக்கும் நம்மேல் அன்பில்லை என்று தோன்றும். அந்நாட்களில் எவனாவது புண்படுத்தியிருந்தால் அதுவும் அப்போதுதான் நினைவுக்கு வரும்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு 'லெ தெமோன் தெ மிதி' என்ற தொடர் தெரியும். நடுவயது ஆண்களுக்கு வரும் காதல் சபலத்தைத்தான் பிரெஞ்சுக்காரர் இன்று அப்படிச் சொல்வார்கள். பாலைவனத்தில் அதன் பொருள் வேறு. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, காலைப் பத்திரிகையும் படித்து முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நம் வயதுக்காரர்களுக்கு அந்தப் பழைய பொருளை விளக்க வேண்டியதில்லை.

மருந்தும் சொல்கிறார். சாக்குச் சொல்லிக் குடிலை விட்டு ஓடாதே. உள்ளத்தை இரண்டாகப் பகுத்து, ஒரு பாதி அழ, மறு பாதி ஆறுதல் சொல்லட்டும். அந்தப் பேய் தோற்றால் உடனே வேறொன்று வராது, அமைதி வரும். பகைக்கு மருந்து நன்கொடை. கொடுக்க ஒன்றுமில்லாத ஏழையானால் பகைத்தவனைச் சாப்பிடக் கூப்பிடு. எதிலும் அளவு வேண்டும், அளவு மீறியது நிலைக்காது என்றும் எழுதினார். ஆனால் அவருடைய உணவுக் கட்டுப்பாடே கடுமையானது. பல ஆண்டுகள் சமைத்ததைத் தொடாமல் இருந்து வயிறு கெட்டு, கடைசி நாட்களில் கஞ்சிக்கு வந்தார்.

அவர் இறந்தபின் ஒரிஜென் கொள்கைச் சர்ச்சையில் 553-ஐ ஒட்டி அவர் கருத்துகள் கண்டிக்கப்பட்டன. செபத்தைப் பற்றிய அவர் நூல் புனித நீலுஸ் பெயரில் பிழைத்தது; வேறு சில சீரியம், அர்மேனியம் மொழிபெயர்ப்புகளில் மட்டுமே தப்பின. அதற்கு முன்பே அவருடைய எட்டு எண்ணங்களைக் காசியான் என்பவர் சுமார் 415-இல் மார்செய் நகருக்குக் கொண்டுவந்து இலத்தீனில் எழுதியிருந்தார். எவாகிரியுஸின் பெயரை மட்டும் எங்கும் சொல்லவில்லை. பின்னர் பாப்பரசர் பெரிய கிரகோரியார் பட்டியலை மாற்றினார். பொறாமை சேர்ந்தது, சலிப்பு துயரத்துக்குள் அடங்கியது. காலப்போக்கில் 'சோம்பல்' ஆயிற்று. ஞானோபதேசத்தில் நாம் மனப்பாடம் செய்த 'தலையான பாவங்கள் ஏழு' அந்த வழியில் வந்தவைதான்.

மணலில் புதைந்துபோன கெல்லியாவை 1964-இல் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கியோமோன் அடையாளம் கண்டார். 1971-இல் அவரும் அவர் துணைவியார் கிளேரும் எவாகிரியுஸின் முக்கிய நூலைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார்கள். அவர் எழுத்துக்கு அவருடைய சொந்தப் பெயர் பரவலாகத் திரும்பக் கிடைத்தது.

பேர் போனபின்னும் அவர் சொன்ன வேலை நிற்கவில்லை என்பதுதான் என் மனத்தில் பதிந்தது. பேயைத் துரத்த அவர் ஆயுதம் கேட்கவில்லை. இருந்த இடத்தில் இருந்து, என்ன வருகிறது என்று பார்க்கச் சொன்னார். நாளைக் காலை பத்து மணிக்கு மேல் யார்மேலாவது பழைய கோபம் கிளம்பினால், அது எந்த வேளையில், எதன் பின்னால் வந்தது என்று ஒரு முறை கவனித்துப் பாருங்கள். முடிந்தால் அவரையே ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடுங்கள்.