ஷினோன்: கல்லில் நின்றதும் ஏட்டில் நின்றதும்

ஃபிரான்ஸின் கோட்டைகள் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை லுவார் பள்ளத்தாக்கின் அலங்கார மாளிகைகள். அவற்றின் நிழலில் மறைந்துகிடக்கும் சிற்றூர் ஷினோன். தூர் நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில், வியென் நதிக்கரையில் அமைந்த இவ்வூரின் மக்கள்தொகை 8,000 அளவில்தான். ஊருக்கு மேலே, நீண்ட பாறை முகட்டில், வறண்ட அகழிகளால் பிரிக்கப்பட்டு மூன்று கோட்டைகள் வரிசையாக நிற்கின்றன. கிழக்கே புனித ஜார்ஜ் கோட்டை, நடுவே நடுக்கோட்டை, மேற்கே கூத்ரே கோட்டை.

கிழக்குக் கோட்டையைக் கட்டியவர் இங்கிலாந்தின் மன்னர் இரண்டாம் ஹென்றி. பிரித்தானியத் தீவு முதல் பிரனீஸ் மலையடிவாரம் வரை பரந்திருந்த அவரது ஆட்சிக்கு ஷினோன் ஒரு மையம். 1189 ஜூலை 6 அன்று, பிள்ளைகளின் கிளர்ச்சியில் தோற்று நோயுற்றிருந்த நிலையில் இங்கேயே அவர் இறந்தார். தமக்கு எதிராகத் திரண்டவர்களின் பட்டியலை வாசிக்கக் கேட்டபோது, அதன் தலைப்பில் அருமை மகன் ஜானின் பெயர் இருந்ததாக அக்கால வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். கோட்டைச் சுவர் தாங்கிய மனிதரை ஓர் ஏடு வீழ்த்தியது. ஷினோனின் பிற்கால வரலாற்றிலும் ஏடுகளே பெரும்பங்கு வகிப்பதை நாம் காணலாம்.

1205-இல் நீண்ட முற்றுகைக்குப் பின் ஃபிரெஞ்சு மன்னர் ஃபிலிப் அகஸ்டஸ் கோட்டையைக் கைப்பற்றினார். அவர் எழுப்பிய வட்டக் கோபுரம் கூத்ரேயில் இன்றும் நிற்கிறது. 1307 அக்டோபர் 13 அன்று நான்காம் ஃபிலிப்பின் ஆணைப்படி டெம்ப்ளர் வீரத்துறவிகள் நாடெங்கும் கைது செய்யப்பட்டனர். மறு ஆண்டு, போப்பைச் சந்திக்கப் புவாத்தியே நகருக்கு அழைத்துச் செல்லப்பட்ட தலைவர் ஜாக் து மொலேயும் உடனிருந்தோரும், பயணத்துக்கு உடல்நிலை இடந்தரவில்லை என்ற காரணம் சொல்லி ஷினோனிலேயே நிறுத்தப்பட்டனர். ஆகஸ்டில் போப் அனுப்பிய மூன்று கர்தினால்கள் இங்கு வந்து அவர்களை விசாரித்தனர். தவறுகளை ஒப்புக்கொண்டு கைவிட்டோருக்குத் திருச்சபையின் மன்னிப்பு வழங்கப்பட்டது. எனினும் 1312-இல் சபை கலைக்கப்பட்டது. 1314 மார்ச்சில் மொலே பாரிஸில் எரிக்கப்பட்டார்.

அந்த விசாரணையின் தோல் ஏடு வத்திக்கான் ஆவணக் காப்பகத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்து, 2001-இல் ஆய்வாளர் பார்பரா ஃப்ராலேயின் கண்ணில் பட்டது. 2007-இல் வத்திக்கான் அதன் நகலை 799 பிரதிகளாக வெளியிட்டது. போப் அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பளித்துவிட்டதாகப் பரவிய செய்தி மிகையானது. ஏடு சொல்வது மன்னிப்பைத்தான், விடுதலையை அன்று. ஆயினும் சபையோடு மீண்டும் இணைக்கப்பட்டவர்கள் எரிக்கப்பட்டனர் என்பதற்கு அது சாட்சி.

121 ஆண்டுகளுக்குப் பின், 1429-இல், அதே கூத்ரே கோபுரத்தில் தங்கவைக்கப்பட்டவள் ஒரு பதின்பருவப் பெண். வொக்குலரிலிருந்து பதினொரு நாள் பயணம் செய்து வந்த ஜோன் ஆஃப் ஆர்க், நடுக்கோட்டையின் பெருமண்டபத்தில் ஏழாம் சார்லஸைச் சந்தித்தாள். அம்மண்டபத்தில் எஞ்சியிருப்பது ஒரு சுவரும், அதில் அந்தரத்தில் தொங்குவதுபோல் நிற்கும் கணப்படுப்பும்தான். அவளை நம்பலாமா என்றறியப் புவாத்தியேயில் அறிஞர்கள் விசாரித்தார்கள். அந்தப் பதிவேட்டைப் பாருங்கள் என்று பின்னாளில் ரூவான் நீதிபதிகளிடம் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த ஏடு தொலைந்துவிட்டது. அவளை 1431-இல் எரித்த நீதிமன்றத்தின் ஏடு மட்டும் நிலைத்தது. 1456-இல் அத்தீர்ப்பு செல்லாதென அறிவிக்கப்பட்டது. 1920-இல் அவள் புனிதர் ஆக்கப்பட்டாள்.

இவ்விரண்டு கதைகளையும் ஷினோனுக்கு வருவோர் அறிவர். இவற்றுக்கிடையே 1321-இல் நடந்ததைப் பெரும்பாலோர் அறியார். தொழுநோயாளிகளும் யூதர்களும் கிணறுகளில் நஞ்சு கலக்கச் சதி செய்தனர் என்ற பொய்க் குற்றச்சாட்டு அவ்வாண்டு ஃபிரான்ஸெங்கும் பரவியது. ஷினோனில் பெரும் குழி தோண்டித் தீமூட்டி, யூதர்களான 160 ஆண்களையும் பெண்களையும் ஒரே நாளில் எரித்ததாக அக்காலத் துறவியின் வரலாற்று நூல் கூறுகிறது. அவர்களில் ஒருவர் பெயரும் அதில் இல்லை. மொலேக்கு ஓர் ஏடு கிடைத்தது. ஜோனுக்கு மறுவிசாரணை கிடைத்தது. இவர்களுக்குக் கிடைத்தது ஓர் எண்.

இவ்வூருக்கு அருகிலுள்ள லா தெவினியேரில் பிறந்தவராகக் கருதப்படும் ராபலேயின் தந்தை ஷினோனில் வழக்கறிஞர். வழக்குக் கட்டுகளையெல்லாம் குவித்து வைத்துக்கொண்டு இறுதியில் பகடை உருட்டித் தீர்ப்புச் சொல்லும் நீதிபதி பிரிதுவா அவரது மூன்றாம் நூலில் வருகிறார். அப்பாத்திரத்தை வாசித்துச் சிரிக்கும்போது, இந்தக் குன்றில் குவிந்த ஏடுகளையும் நாம் நினைத்துக்கொள்ளலாம்.

17-ஆம் நூற்றாண்டில் கோட்டை கர்தினால் ரிஷ்லியூவின் கைக்கு வந்தது. அவர் குடும்பத்தார் அதைப் பேணவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் இடிபாடுகளை முற்றழிவிலிருந்து காத்தவர்களுள் முதன்மையானவர் எழுத்தாளர் பிராஸ்பர் மெரிமே. 2003 முதல் 2010 வரை நடந்த பெரும் சீரமைப்பில் அரச இல்லத்துக்கு மீண்டும் கூரை வந்தது.

கற்களை மீண்டும் அடுக்கிவிட முடிகிறது. தொலைந்த ஏடு ஒன்று 693 ஆண்டுகள் கழித்தும் கிடைத்துவிடலாம். எழுதப்படாமலே போன பெயர்களை எந்தக் காப்பகத்திலும் தேட முடியாது. ஷினோனின் வரலாற்றை வாசிக்கும் நாம் அந்த 160 என்ற எண்ணின் அருகே சற்றுக் கூடுதலாக நிற்பதே, அவர்களுக்கு இன்று செய்யக்கூடிய சிறு நியாயம்.