வீட்டு இசைக்கூடம்: கணினியும் மென்பொருளும்

வீட்டிலேயே பாட்டைப் பதிந்து, கோத்து, மெருகேற்றி வெளியிட உதவும் கணினி, ஆடியோ இன்டர்ஃபேஸ், மைக், ஹெட்ஃபோன், பதிவு மென்பொருள் ஆகியவை சேர்ந்தது வீட்டு இசைக்கூடம். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதிவாசிகளுக்கு இவற்றில் கணினி உள்ளூர்ச் சரக்கு. டெல் நிறுவனம் 2007இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தது. எச்பி மடிக்கணினிகள் அங்குள்ள ஃப்ளெக்ஸ் ஆலையில் 2021 முதல் தயாராகின்றன.

இசைக்கருவியும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி முறை 1983இல் வந்தது. மிடி இணைப்பு உள்ளேயே அமைந்த அட்டாரி எஸ்டி கணினி 1985இலும், அதில் ஓடிய கியூபேஸ் என்ற இசை மென்பொருள் 1989இலும் வந்தன. அதே 1989இல்தான் ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டி பஞ்சதன் ரெக்கார்டு இன் கூடத்தை அமைத்தார். ‘ரோஜா’ (1992) பாடல்கள் அங்கே பிறந்தன. அன்று அது வசதியுள்ளவர்களால் மட்டுமே முடிந்த காரியம். 1996இல் ஸ்டெய்ன்பெர்க் நிறுவனத்தின் விஎஸ்டி நுட்பம், எதிரொலிக் கருவி போன்றவற்றை மென்பொருளாக்கிய பிறகே செலவு இறங்கியது.

கணினி வாங்குபவர் பிராசசரையே பார்க்கிறார். உண்மையில் படுத்தி எடுப்பது லேட்டன்சி, அதாவது பாடிய குரல் ஹெட்ஃபோனுக்குத் திரும்பிவரும் தாமதம். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர், அதாவது கணினி ஒருமுறை சேர்த்துக் கையாளும் ஒலித்துண்டின் அளவு, 128 என்றால் அதனால் மட்டும் வரும் தாமதம் 2.7 மில்லிசெகண்ட், 1024 என்றால் 21. இவ்வளவு தாமதத்தில் மிருதங்கக்காரருக்குத் தாளம் வழுக்கும். எனவே பதியும்போது பஃபரைக் குறைத்து, மிக்ஸிங்கின்போது கூட்டுவது வழக்கம். விண்டோஸில் தாமதத்தைக் குறைக்க இன்டர்ஃபேஸுக்குரிய ஏசியோ டிரைவர் அவசியம். பதிவின்போது புளூடூத் ஹெட்ஃபோன் கூடவே கூடாது.

சேமிப்பிடம் பெரிய கவலையல்ல. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பிதான். இடத்தை விழுங்குபவை வாத்தியங்களின் சாம்பிள் தொகுப்புகள். அவற்றுக்காகத்தான் 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும். கர்நாடக இசைக்காரருக்கு இந்தத் தொகுப்புகள் அரைகுறை உதவியே. மிடி கீபோர்டின் ஸ்வரங்கள் தனித்தனிப் படிகள். கமகத்தைப் பிட்ச் வீலில் உருட்டிப் பிடிப்பதைவிட வயலினையோ குரலையோ நேரடியாகப் பதிவது மேல்.

மென்பொருளில் ஆடாசிட்டி, எல்எம்எம்எஸ் இலவசம். ரீப்பரை 60 நாள் இலவசமாகப் பழகலாம். தனிநபர் உரிமம் 60 டாலர். லாஜிக் ப்ரோ ஆப்பிள் கருவிகளுக்கு மட்டும். திருட்டுப் பிரதி எடுப்பவர் கணினியில் வைரஸும் குடியேறும். அறுபது டாலர் அதைவிட மலிவு.

அறைதான் கடைசித் தடை. ஒரகடம் சாலையோர வீடுகளில் லாரி உறுமலும் மின்விசிறியும் மைக்கில் ஏறும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் லோ-கட் பாதியைத் தீர்க்கும். சார்ஜரைக் கழற்றியதும் ‘ம்ம்’ என்ற இரைச்சல் நின்றால் கோளாறு எர்த்திங்கில் இருக்கலாம். இத்தகைய அறைக்கு, 48 வோல்ட் கேட்கும் கண்டன்சர் மைக்கைவிட வாயருகே வைத்துப் பாடும் டைனமிக் மைக்கே பொருத்தம்.