பதின்மூன்றாம் திங்கள்

பச்சைமலை அடிவாரத்திலுள்ள அரும்பாவூர் மரச் சிற்பத்தால் பெயர் பெற்ற ஊர். 2020ஆம் ஆண்டில் அக்கலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் சிற்பம் செதுக்கும் அவ்வூர்க் கைவினைஞர், கோயில்களுக்குத் தேரும் வாகனமும் அமைத்துத் தருகின்றனர். ஊர் கூடி இழுக்கும் அப்பெருந்தேர் ஒருபுறமிருக்க, தமிழிலே சிறுதேர் என்று ஒன்றும் உண்டு. குதிரை பூட்டாமல் சிறுவர் உருட்டிச் செல்லும் முக்கால் சிறுதேரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. நம் வீடுகளில் குழந்தை பிடித்துத் தள்ளி நடை பழகும் மூன்று சக்கர நடைவண்டி, அதன் உறவினம் போலவே காணப்படுகிறது. பெருந்தேருக்கு வரலாறு இருப்பதுபோல, ஓராண்டு நிறையும் குழந்தையின் முதலடிக்கும் ஒரு வரலாறு உண்டு.

அவ்வரலாற்றில் இவ்வட்டாரத்துக்குத் தனியிடம் இருக்கின்றது. இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்தவன் இரண்டாம் குலோத்துங்கன். பன்னிரண்டாம் நூற்றாண்டினனாகிய அம்மன்னனைக் குழந்தையாக்கி, அவன் அவைப்புலவர் ஒட்டக்கூத்தர் பாடினார். நமக்குக் கிடைத்துள்ள பிள்ளைத்தமிழ் நூல்களுள் அதுவே முதலாவது என்பர்.

பிள்ளைத்தமிழின் பருவங்களுக்குப் பாட்டியல் நூலார் திங்கட் கணக்கு வகுத்தனர். ஐந்தாம் திங்களில் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் திங்களில் கை கொட்டுவது சப்பாணி. பதினோராம் திங்களில் முத்தம். பதின்மூன்றாம் திங்களில் தளர்நடையிட்டு வருவது வருகை. முதல் பிறந்தநாள் முத்தத்துக்கும் வருகைக்கும் இடையே அமைகின்றது! தொட்டிலருகே தாய்மார் கண்டதைப் புலவர் இலக்கணமாக்கினர் எனலாம்.

இவ்விலக்கியத்தை முஸ்லிம் புலவர்களும் தமதாக்கிக் கொண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்யிது அனபியாப் புலவர், நாயகம் (ஸல்) அவர்கள் மீது பிள்ளைத்தமிழ் பாடினார். காப்புப் பருவத்தில் வேண்டப்படுவோர் மாறினர். செங்கீரையும் சப்பாணியும் வருகையும் மாறவில்லை. எச்சமயத்தார் வீட்டிலும் குழந்தை வளரும் முறை ஒன்றேயன்றோ?

அரபு மொழியாளர் இதனை வேறு வகையில் நோக்கினர். ஹிஜ்ரி 429இல் (கி.பி. 1038) மறைந்த ஸஆலிபி, தமது ‘ஃபிக்ஹுல் லுகா’வில் குழந்தையின் நிலைகளுக்குரிய பெயர்களை வரிசைப்படுத்துகிறார். பால் குடிப்பது ரளீஉ. பால் மறந்தது ஃபதீம். அடியெடுத்துத் திரிவது தாரிஜ். இங்கே பெயர் தருவது திங்கள் அன்று, குழந்தையின் செயலே.

இவ்வேற்றுமை சொல்லளவில் நின்றுவிடுவதன்று. ஆண்டு நிறைந்தும் பிள்ளை நடக்கவில்லையெனில், ‘அடுத்த வீட்டுப் பிள்ளை ஓடுகிறதே’ என்னும் ஏச்சு தாயின் மீதே விழுகிறது. புலவருக்கு வகுத்த கணக்கைக் குழந்தைக்கு விதித்த கெடுவாகக் கொள்வது முறையாகுமா?

ஹிஜ்ரி 751இல் (கி.பி. 1350) மறைந்த திமிஷ்க் நகர அறிஞர் இப்னுல் கையிம், ‘துஹ்ஃபத்துல் மவ்தூத்’ என்னும் நூலில், காலம் வருமுன் குழந்தையை நடக்க வைக்கலாகாது, மெல்லிய கால்கள் வளையக்கூடும் என எச்சரித்தார். கால் வளைவுக்கு இன்றைய மருத்துவர் வேறு காரணங்கள் கூறினும், அவசரம் வேண்டாம் என்ற அறிவுரை இன்றும் ஏற்கத்தக்கதே. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட 5 நாடுகளில் 816 குழந்தைகளை ஆராய்ந்து, 2006இல் முடிவை வெளியிட்டது. உடல்நலமுள்ள குழந்தைகள் தனித்து நடக்கத் தொடங்கும் காலம் ஏறக்குறைய எட்டாம் திங்கள் முதல் பதினேழரைத் திங்கள் வரை விரிகிறது என்று அது கண்டது. தவழாமலே நடந்த குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர்.

குழந்தையை உள்ளே அமர்த்தி உருளவிடும் சக்கர நாற்காலிகள் நடையை விரைவுபடுத்துவதில்லை, விபத்துக்கே இடமாகின்றன. கனடா நாடு 2004இல் அவற்றின் விற்பனையைத் தடை செய்தது. குழந்தை தன் காலில் நின்று தள்ளும் நடைவண்டியோ வேறு வகை. அதற்கும் பெரியவர் துணை வேண்டும்.

எனவே, பதின்மூன்றாம் திங்களில் வருகை நிகழாவிடின் வீட்டார் கலங்க வேண்டா. தாயைப் பழித்தலும் வேண்டா. பதினெட்டுத் திங்கள் கடந்தும் நடவாத பிள்ளையையும், கற்ற திறனை இழக்கும் பிள்ளையையும் தாமதியாது மருத்துவரிடம் காட்டுதல் கடமை. மற்றப்படி, ‘வருக’ என்று கைநீட்டிக் காத்திருப்பதே பிள்ளைத்தமிழ் நமக்குக் கற்பித்த பண்பாகும்.