உண்பதும் உரைப்பதும்: தாடை இழந்தோர் வாய் மீண்ட வரலாறு

சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கே செல்லும் இரயில் பாதையில் தமிழக எல்லையை ஒட்டி அமைந்த ஊர் ஆரம்பாக்கம். அதற்கு அப்பால் வரும் தடா ஆந்திரத்தைச் சேர்ந்தது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்வோரும் பழவேற்காட்டு ஏரியை நம்பி வாழ்வோரும் கலந்து வாழும் பகுதி இது. வெற்றிலையும் புகையிலையுமாக இருந்த மெல்லும் பழக்கம் பின்னாளில் குட்காப் பொட்டலமாக உருமாறிப் பெட்டிக்கடைகளில் தொங்கியது. 2013-இல் தமிழக அரசு குட்காவுக்குத் தடை விதித்த பின்னரும், எல்லைச் சோதனைச் சாவடிகளில் மூட்டை மூட்டையாகப் பிடிபட்ட செய்திகளை நாளேடுகளில் நாம் படித்திருக்கிறோம்.

இப்பழக்கத்தால் வரும் வாய்ப்புற்றைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். நாம் இக்கட்டுரையில் காண விழைவது அதற்குப் பிந்தைய கதையை. புற்றுடன் சேர்த்துத் தாடையையும் அறுத்து எடுத்தபின், பிழைத்தவர் எதைக் கொண்டு மெல்வார்? எவ்வாறு பேசுவார்?

ஆரம்பாக்கத்து நோயாளி இரயிலில் வந்து சென்ட்ரலில் இறங்கினால் எதிரே நிற்பது அரசு பொது மருத்துவமனை. 1664-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தொடங்கப்பட்டது அது. வெற்றிலை மெல்லுவதற்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பைச் சென்னை நோயாளிகளிடம் கண்டு நிப்ளாக் என்ற மருத்துவர் 1902-லேயே எழுதினார். அன்று திருவிதாங்கூரில் இருந்த, இன்று குமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனையிலிருந்து பென்டால் 1908-இல் 1,700 புற்று நோயாளிகளைப் பற்றிய தொகுப்பை வெளியிட்டார். அதே நெய்யூர் அனுபவத்தை வைத்து ஆர் என்பவர் 1933-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். ஆக, நோயின் காரணத்தை நம் மண் நூறாண்டுகளுக்கு முன்பே உலகுக்குச் சொல்லிவிட்டது.

தாடை ஏன் பலியாகிறது என்பதும் எளிதில் விளங்கும். மென்றதைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கி வைப்பது வழக்கம். புற்று அங்கே முளைக்கிறது. ஈறுக்கு அடியிலேயே தாடை எலும்பு இருக்கிறது. எலும்பைத் தொட்டுவிட்ட புற்றை, எலும்பை விட்டுவிட்டு எடுக்க இயலாது.

மேல்தாடையை எடுத்தால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே வழி திறந்துவிடும். குடித்த நீர் மூக்கில் வரும். பேச்சு மூக்கொலியாகி எவருக்கும் புரியாது. கீழ்த்தாடையின் முன்பகுதியை எடுத்தால் மோவாய் உள்ளே சரியும். நாக்குக்குப் பிடிமானம் போகும். எச்சில் வடிந்துகொண்டே இருக்கும். இத்தகையோர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதையே விட்டுவிடுவர். பந்தியில் அமர முடியாதவர் என்ன சொல்லிக்கொண்டு போவார்?

மேல்தாடைத் துளையை அடைக்கும் வித்தை பழமையானது. 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை வல்லுநர் அம்புரோஸ் பாரே, உலோகத் தகட்டின் மேல் கடற்பஞ்சைப் பொருத்தி அண்ணத்துத் துளையை அடைத்தார். ஈரத்தில் பஞ்சு உப்பித் தகட்டைப் பிடித்துக்கொள்ளும். அக்கருவிக்கு இன்றும் வழங்கும் பெயர் 'ஆப்டுரேட்டர்', அதாவது அடைப்பான்.

இக்கருவியுடன் வாழ்ந்தவர்களுள் புகழ்பெற்றவர் உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் பிராய்ட். 1923-இல் வியன்னாவில் ஹான்ஸ் பிக்லர் அவருடைய மேல்தாடையின் ஒரு பகுதியை அகற்றினார். அவ்விடத்தை நிரப்பிய செயற்கை அண்ணத்துக்கு வீட்டில் வழங்கிய பெயர் 'அரக்கன்'. பொருத்தினால் புண், கழற்றினால் பேச்சும் உணவும் இல்லை. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகளுடன் 16 ஆண்டுகள் வாழ்ந்து 1939-இல் அவர் மறைந்தார். பிக்லர் பல் மருத்துவமும் கற்றவர் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

அதே 1923-இல் சென்னையில் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்தார். அத்துயரமே 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கிய அம்மருத்துவமனையில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வாய்ப்புற்றுச் சிகிச்சையில் பல பத்தாண்டுகள் உழைத்தனர். அன்றைய முதற்கவலை உயிர் என்பதில் வியப்பில்லை. இதற்கு ஓராண்டு முன்பே, 1953-இல், சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்வியும் தொடங்கியிருந்தது.

இழந்த சதையை ஈடுசெய்யும் கலையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. புனே அருகே நெற்றித் தோலைத் திருப்பி மூக்கமைத்த முறையை 1794-இல் இலண்டன் இதழொன்று வெளியிட, மேலை மருத்துவர்கள் வியந்து கற்றனர். அதே நெற்றித் தோலை வாய்க்குள் திருப்பிப் புற்றறுவைப் பள்ளத்தை மூடும் முறையை 1963-இல் மெக்கிரகர் எழுதினார். 1979-இல் அரியன் மார்புத் தசையைக் கொண்டுவந்தார். ஆனால் இவை பள்ளத்தை மூடின. பல் நட எலும்பு தரவில்லை.

எலும்பு காலிலிருந்து வந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளில் உடல் எடையைப் பெரிதும் தாங்குவது தடித்த எலும்பே. மெலிந்த வெளி எலும்பின் பெரும்பகுதியை இரத்தக் குழாயுடன் எடுத்து, தாடை வளைவுக்கேற்ப வெட்டி அமைத்து, கழுத்துக் குழாய்களுடன் தைக்கும் முறையை 1989-இல் ஹிடால்கோ வெளியிட்டார். கால் எலும்பு தாடையாயிற்று.

அதில் பல் நட வழி செய்தவர் சுவீடனின் பிரோனமார்க். 1952-இல் முயல் எலும்பில் வைத்த டைட்டானியக் குழல் எலும்புடன் ஒன்றிப் பிரிய மறுத்ததை அவர் கவனித்தார். 1965-இல் பிறவியிலேயே தாடைக் குறையுள்ள யோஸ்டா லார்சன் என்பவருக்கு டைட்டானியத் திருகுகளைப் பொருத்தினார். அவை 2006-இல் லார்சன் மறையும் வரை, நாற்பது ஆண்டுகள், பயன்பட்டன. சாதாரணப் பல்செட் தங்குவதற்கு ஈறின் மேடு வேண்டும். தாடை அறுத்தவருக்கு அது இராது. திருகுதான் பற்றுக்கோடு.

ஆயினும் ஒரு தடை உண்டு. கதிர்வீச்சு பெற்ற எலும்பில் இரத்த ஓட்டம் குன்றும். ஆறும் திறன் குறையும். அங்கே பல் பிடுங்கினாலும் எலும்பு அழுகக்கூடும். திருகு பற்றாமலும் போகலாம். எனவே எந்தப் பல்லை முன்பே எடுப்பது, அடைப்பானுக்கு எப்போது அச்செடுப்பது, திருகை எப்போது இடுவது என்பவை அறுவைக்கு முன்பே முடிவு செய்யவேண்டியவை. கத்தி வைத்தபின் பல் மருத்துவரைத் தேடுவது காலம் கடந்த செயல்.

நாம் கண்ட வரலாறு உணர்த்துவது இதுவே எனலாம். கருவிகள் வந்துவிட்டன. எனினும், புற்று போயிற்று என்றதுடன் சிகிச்சை முடிந்ததாக நோயாளியும் வீட்டாரும் எண்ணிவிடுகின்றனர். அடுத்த கட்டத்துக்குப் பல மாதங்கள், பல வருகைகள் தேவை. தினக்கூலி பெறும் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலி இழப்பு. ஆகவே வாய் மீட்பைச் சிகிச்சையின் பகுதியாகவே முதல் நாளிலேயே கேட்டுப் பெறவேண்டும். அடைப்பான் ஒன்று இருந்தாலே மேல்தாடை இழந்தவர் தண்ணீர் குடிக்கவும் பேசவும் இயலும் என்பதைப் பலர் அறியார்.

உயிர் மீட்டவர்களை நாம் வணங்குகிறோம். அவ்வுயிர் மறுபடியும் பந்தியில் அமர்ந்து, பக்கத்து இலைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசும் நாளே சிகிச்சை நிறைவுறும் நாள்.