சரிந்த மேடைகள் கற்பித்த பாடம்

பெருங்கூட்டம் கூடுமிடத்தில் பின்னால் இருப்பவர்க்கும் காட்சி தெரிய வேண்டுமாயின், இருக்கைகளைப் படிப்படியாக உயர்த்துவதே வழி. மலைச்சரிவு வாய்த்தால் அதுவே படியாகும். பண்டைக் கிரேக்கர் அதனை நன்கு பயன்படுத்தினர். சமவெளியிலோ சாரங்கட்டியே எழுப்ப வேண்டும். அச்சாரத்தை நம்பியே ஆயிரக்கணக்கானோர் உயிர் இருக்கும்.

அந்நம்பிக்கை மோசம்போன வரலாறு பழமையானது. கி. பி. 27-இல் ரோமாபுரிக்கு அண்மையிலிருந்த பிதேனே என்னும் ஊரில், அட்டிலியஸ் என்பவன் வாட்போர்க் காட்சிக்காக மர அரங்கம் ஒன்று அமைத்தான். திடமான நிலத்தில் கடைக்கால் இடவில்லை. மரங்களை உறுதியாகப் பிணைக்கவுமில்லை. ஆதாயமே அவன் நோக்கம் என்கிறார் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். தைபீரியஸ் ஆட்சியில் இத்தகைய காட்சிகள் அரிதாகையால் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். அரங்கம் சரிந்தது. மாண்டோரும் ஊனமுற்றோருமாக 50,000 பேர் என்று டாசிட்டஸ் கூறுகிறார். இறந்தோர் மட்டுமே 20,000-க்கு மேல் என்பது சுவெட்டோனியஸ் கூற்று. எண்ணிக்கையில் மிகை இருப்பினும், நேர்ந்தது பேரிழப்பு என்பதில் ஐயமில்லை. அட்டிலியஸ் நாடு கடத்தப்பட்டான். 4,00,000 செஸ்டர்ஸ் நாணயத்திற்குக் குறைந்த சொத்துடையோர் வாட்போர்க் காட்சி நடத்தலாகாது, உறுதி சோதிக்கப்படாத நிலத்தில் அரங்கம் எழுப்பலாகாது என்று ஆட்சி மன்றம் விதித்தது.

கி. பி. 80-இல் திறக்கப்பெற்ற கொலோசியம், நீரோ மன்னன் அமைத்த ஏரியைப் பின்னர் வற்றச் செய்த இடத்தில் எழுந்தது. எனினும் சுமார் 12 மீட்டர் ஆழமுள்ள அடித்தளம் அதனைத் தாங்கிற்று. 80 வாயில்களுள் 76-க்கு எண் பொறித்திருந்தனர். கூட்டம் நெரிசலின்றி வந்து செல்ல இவ்வேற்பாடு உதவிற்று.

இவ்வளவு அறிந்த உலகம் மீண்டும் மறந்தது. 1902 ஏப்ரல் 5-இல் கிளாஸ்கோ நகரின் ஐப்ராக்ஸ் மைதானத்தில், ஸ்காத்துலாந்து - இங்கிலாந்து கால்பந்தாட்டத்தின்போது மரமேடை முறிந்து 25 பேர் மாண்டனர். 1971 ஜனவரி 2-இல் அதே மைதானத்தின் படிக்கட்டு நெரிசலில் 66 பேர் உயிர் துறந்தனர். அதன்பின் 1975-இல் பிரிட்டனில் விளையாட்டு மைதானப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஆயின், அதன் கட்டாயம் அப்போது பெரிய மைதானங்களையே பற்றியது. அவ்வரம்புக்கு வெளியே நின்ற பிராட்போர்டு மைதானத்தில், 1985 மே 11-இல், மரமேடையின் அடியில் சேர்ந்திருந்த குப்பையில் தீப்பற்றி 56 பேர் பலியாயினர். பின்வாயில்கள் பல பூட்டிக் கிடந்தன.

நிலம் உறுதியானதா? பிணைப்பு வலியதா? வெளியேற வழி திறந்துள்ளதா? இம்மூன்றும் பிணங்கள் வீழ்ந்த பின்னரே கேட்கப்பெற்ற வினாக்கள். சிறிய இடந்தானே என்னும் அலட்சியமே பிராட்போர்டை எரித்தது. பள்ளி விளையாட்டு விழாவிற்குப் பலகை அடுக்கிப் பிள்ளைகளை அமர்த்தும் ஆசிரியப் பெருமக்கள், முதற் குழந்தை ஏறுமுன் இவ்வினாக்களைக் கேட்பார்களாக.